இப்படிக்கு இல்லாத அறிவிப்பு

எங்கள் பக்கத்தில் என் குரலை எல்லாருக்கும் தெரியும்; என்னைத்தான் பலருக்குத் தெரியாது. திருவிடைமருதூரிலிருந்து திருப்பனந்தாள் வரைக்கும் உள்ள ஊர்களில் கண் சிகிச்சை முகாம் என்றாலும், கோயில் பால்குடம் என்றாலும், ஜவுளிக்கடை திறப்பு என்றாலும், யாரோ ஒருவர் காலமானார் என்றாலும், அதைச் சொல்லிக்கொண்டு போவது என் ஆட்டோதான். மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர், அதில் செருகிய பென் டிரைவ், ஓட்டுவதற்கு நான். தெரியாத ஊர் டீக்கடையில் "ஒரு டீ போடுங்க" என்றால் போதும், பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பெரியப்பா செத்ததுக்கு நீதானே தம்பி சொன்ன? ரொம்ப நல்லா சொன்ன" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அறிவிப்பு என் பிழைப்பு. ராப் என் ஆசை. இந்த இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோதிக்கொண்டன. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியவர்களுக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. வாயெடுத்தால் "போடா பெரிய மனுசா" என்று விரட்டிவிடுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பாட்டு வராது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு நின்றால் பக்கத்தில் நிற்பவன் என்னைக் கிள்ளி வாயை மூடச் சொல்வான். ஆனால் பேச்சு வரும். கும்பகோணத்தில் கல்லூரி படித்தபோது பஸ்ஸில் ஒரே ஹெட்செட்டை இரண்டு பேர் காதில் செருகிக்கொண்டு போவோம். அப்படித்தான் ராப் கேட்டேன். ராகம் தேவையில்லை, சொல்லும் தாளமும் இருந்தால் போதும் என்று தெரிந்த அன்றைக்கு, இது நமக்காகவே கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் மூன்று பேப்பர் அரியர் விழுந்தது.

இன்னொரு காதில் ஹெட்செட் மாட்டியிருந்தவன் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறான். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். மாப்பிள்ளை அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் எனக்கு பீட் போடுவான். பதிவு செய்ய எங்களுக்கு ஸ்டுடியோ கிடையாது. அவனுடைய மாமா நெல் வியாபாரி. அவருடைய குடோனில் கூரை வரைக்கும் மூட்டை அடுக்கியிருக்கும்போது நடுவில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். அந்தச் சந்தில் நின்று பேசினால் துளி எதிரொலி இருக்காது. நெல் மூட்டை அத்தனை சத்தத்தையும் குடித்துவிடும். ஒரே கஷ்டம் சுணை. இரண்டாவது சரணத்தில் கழுத்து அரிக்கும், மூன்றாவதில் தும்மல் வரும். எங்கள் முதல் பாட்டில் நன்றாகக் கேட்டால் ஒரு தும்மல் இருக்கிறது. அதை ஸ்டைல் என்று நினைத்து ஒருவன் கமெண்டில் பாராட்டியிருந்தான்.

லாரி வந்து மூட்டைகளை ஏற்றிப் போய்விட்டால் குடோன் கோயில் மண்டபம் போல் முழங்கும், பதிவு செய்ய முடியாது. ஆகவே சம்பா அறுத்த பிறகுதான் எங்களுக்குப் பாட்டுப் பருவம். ஊரில் எல்லாரும் வானத்தைப் பார்த்தால் நாங்கள் மாமாவின் லாரியைப் பார்ப்போம்.

என் பாட்டில் கெட்ட வார்த்தை இருக்காது, குடி இருக்காது, என்னைப் போல் எவனுமில்லை என்ற சவடாலும் இருக்காது. "அப்புறம் எதுக்குடா அது ராப்பு?" என்று நண்பன் முதலில் கேட்டான். என்ன செய்வது, எனக்குக் கோபம் வந்தால் திட்ட வராது, யோசனை சொல்லத்தான் வரும். அரியர் வைத்தவன் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, மறுபடி போய் எழுது என்று ஒரு பாட்டு. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது வாங்காத சம்பளத்தை வாங்கியதாகச் சொல்லாதே என்று ஒரு பாட்டு. அம்மா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா வேகமா வையிற மாரி இருக்கேடா" என்றாள். கல்லூரிப் பிள்ளைகள் அரியர் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பி, அவர்களுடைய அக்காக்கள் கேட்டு, தையல் கம்பெனிக்குப் போகும் வேனில் ஓடி, ஒரு காதுகுத்துக்கு என்னை மேடையேற்றும் வரைக்கும் வந்தது. அந்தக் காதுகுத்தில் தாய்மாமன் மைக்கைப் பிடுங்கி, "தம்பி, ரெண்டு சினிமா பாட்டு போட்டுட்டு அப்பறம் இதப் பேசு" என்றார். நாங்கள் வளர்ந்த லட்சணம் இதுதான். கேட்பவர்கள் வந்தார்கள், ஆனால் எல்லாரும் வெளியூர். என் ஊரில் நான் அறிவிப்புக்காரன் மட்டுமே.

எங்கள் வீட்டில் எனக்கு முன்பே ஓர் அறிவிப்புக்காரர் இருந்தார். அப்பா வாலிபத்தில் ஊருக்குத் தண்டோரா போட்டவர். பறையை மாட்டிக்கொண்டு, மேலத்தெருவில் தொடங்கி ஒவ்வொரு முனையிலும் நின்று சொல்ல வேண்டும். செய்தி மேலத்தெருப் பெரியவர்களுடையது. தொண்டை மட்டும் கீழத்தெருவில் இருக்கும் அப்பாவுடையது. ஒரு தடவை வாய்க்கால் வெட்ட ஆள் கூட்டச் சொன்னார்கள். அப்பா போய்ச் சொன்னார். சொல்லச் சொன்ன பெரியவர் மனம் மாறி நாளைத் தள்ளிவிட்டார். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. பிழைப்பை விட்டு வந்து நின்ற ஜனம் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு "யாரு சொல்லி நீ சொன்ன?" என்று கேட்டது. சொல்லச் சொன்னவர் அந்தக் கூட்டத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. அப்பா அன்றைக்குப் பறையை இறக்கி வைத்தவர்தான், மறுபடி தொடவில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டார். இதை எனக்குச் சொன்னது அம்மா. அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

படித்து முடித்து, சென்னையில் ஒரு வருடம் சும்மா அலைந்து, திரும்பி வந்து பழைய ஆட்டோ வாங்கிக் குழாய் கட்டியபோது அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "படிச்சிட்டு வந்தும் அதே வேலதானா?" என்று அம்மாவிடம் கேட்டாராம். நான் கோபத்தில், "அது மேளம், இது மைக்செட்டு, ரெண்டும் ஒண்ணா?" என்று கத்தினேன். ஆனாலும் பயம் இருந்தது. அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்த அறிவிப்பாக இருந்தாலும் கடைசியில் "இப்படிக்கு" என்று சொல்லி, சொல்லச் சொன்னவர் யார் என்பதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். காசு கூடக் கொடுக்கிறேன், பெயர் வேண்டாம் என்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனாலேயே என் ஆட்டோவில் வரும் சேதியை ஜனம் நம்பியது.

இப்போது வாய்க்காலுக்கு வருகிறேன். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, ஆறு நிறைந்து வந்தாலும் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஏறுவது கடைசியில்தான். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தன. பெரிய ஆற்றில் பொக்லைன் இறங்கும். எங்கள் வாய்க்கால் எப்போதும் அடுத்த வருடப் பட்டியலில் இருக்கும். வாய்க்காலின் ஒரு கரையில் மேலத்தெரு நிலம், இன்னொரு கரையில் கீழத்தெருக்காரர்கள் வாங்கியதும் குத்தகைக்குப் பிடித்ததும். அதில் கடைசியாக இருக்கும் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், எங்கள் குத்தகை. முந்தின குறுவை தண்ணீரில்லாமல் கருகியதைப் பார்த்த எரிச்சலில் ஒரு பாட்டு எழுதினேன். எனக்குத் தெரிந்த அறிவிப்பு பாணியிலேயே தொடங்கினேன்:

அன்பார்ந்த பொதுமக்களே, அன்பான வேண்டுகோள்!
ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணி
நடந்து வா, நம்ம மதகடிக்கு வா நீ
மம்பட்டி எடுத்துக்க, மனசையும் சேத்துக்க
மண்ண வெட்டிப் போட்டுட்டு தண்ணி வரப் பாத்துக்க
மேலத்தெரு ஒரு கரை, கீழத்தெரு ஒரு கரை
நடுவுல ஓடுற தண்ணிக்கு ஏது கறை?

பங்குனியில், மூட்டைகளுக்கு நடுவில், தும்மாமல் பதிவு செய்தோம். நண்பன் ஒரு வாரம் உட்கார்ந்து பீட் போட்டான். அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி பாஸ் வைத்திருந்தான். வைகாசியில் அதை என் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, "குழாயில எப்படி கேக்குதுன்னு பாத்துச் சொல்லு" என்றான். அப்போது அந்த பென் டிரைவில் இருந்தது ஓர் இலவசக் கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு. முகாம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை என் ஊருக்குள் நுழைந்தேன். கண் முகாம் அறிவிப்பு முடிந்தது, அடுத்து என் பாட்டு தொடங்கியது. குழாய் ஸ்பீக்கரில் பாஸ் வராது. எனக்கு அது தெரியும், ஆனாலும் அந்த அளவுக்கு வராது என்று தெரியாது. நண்பனின் ஒரு வார உழைப்பு குழாய்க்குள்ளேயே செத்துப்போய், வெளியே வந்தது என் பேச்சு மட்டும்தான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பெட்டிக்கடை அக்கா கையில் இருந்த வெற்றிலையை வைத்துவிட்டு வெளியே வந்து நின்று கேட்டார். முறத்தோடு ஒரு பெண் அப்படியே நின்றார். ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலூன்றிக் கேட்டார். என் ஊரில் என் பாட்டை நின்று கேட்ட முதல் மனிதர்கள் அவர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். வியாழனும் வெள்ளியும் இரண்டு தெருவிலும் மாறி மாறிப் போட்டேன். அவர்கள் பாட்டை ரசிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கிழமையையும் நேரத்தையும் மனதில் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டிக்கடைக்குப் போனேன். அக்கா கேட்டார்: "தம்பி, நாளைக்கு மம்பட்டி நாங்களே எடுத்துட்டு வரணுமா, இல்ல அவங்க தருவாங்களா?"

"எவங்கக்கா?"

"அதான், வாய்க்கா வெட்டக் கூப்புடுறவங்க. நீதானடா ரெண்டு நாளா கத்திக்கிட்டுப் போற? நூறு நாள் வேலைல சேத்துக்குவாங்களா இதை? அட்டைய எடுத்துட்டு வரலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க."

குடித்துக்கொண்டிருந்த சோடாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போவதற்குள் நான்கு பேர் வழியில் நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய அம்மாவிடமும் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பவே ஆட்டோவ எடுத்துட்டுப் போயி ரத்துன்னு சொல்லிட்டு வந்துடுறேன்" என்றேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து மூட்டை தூக்கிய தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். "யாரு ரத்து பண்ணுனதுன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?" என்றார். என் தொழிலைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. யாருமே கூப்பிடாத ஒன்றை யார் ரத்து செய்வது? அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. இருபத்தெட்டு வயதில், அம்மா முன்னால், மைக்செட்டுக்காரன் அழுதேன். அவருக்கு நடந்ததையே நான் மறுபடி நடத்தி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. நாளைக்கு ஒருவர் என்னைப் பொய்யன் என்று சொன்னால், பிழைப்பு போவது அடுத்த விஷயம், அப்பா மறுபடியும் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும். அம்மா மட்டும், "அழுவுறத அப்பறம் அழுவு. எத்தன பேருக்கு டீ போடணும்னு சொல்லு" என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்கே மதகடிக்குப் போய்விட்டேன். நண்பனையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆறு மணிக்கு ஒரு ஈ காக்கை இல்லை. யாரும் வராவிட்டால் தப்பித்தேன். யாரும் வராவிட்டால் அதைப் போல் கேவலமும் இல்லை. ஆறேகாலுக்கு ஒரு கிழவரும் அவர் மனைவியும் கைபிடித்துக்கொண்டு வந்தார்கள். வணக்கம் வைத்தேன்.

"இங்கதான தம்பி கண்ணுக்குப் பாக்குறாங்க?" என்றார் அவர்.

இரண்டு அறிவிப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்கு மதகடியில் கண் ஆபரேஷன். சிரிக்கவா அழவா என்று நண்பனைப் பார்த்தேன். அவர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஆட்டோ வேண்டும். நானே ஓட்டிக்கொண்டு போய் அப்படியே ஓடிவிடலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது உண்மை. சாவியைக் கையில் எடுத்தும் விட்டேன். நண்பன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ நில்லு. கூப்பிட்டது உன் வாய்தான்" என்று சொல்லிவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். அந்தச் சாவியைப் பிடுங்கியதற்கு அவனுக்கு நான் பட்ட கடன் தீராது.

அப்புறம் வந்தார்கள். சைக்கிளில், டிவிஎஸ்ஸில், நடந்து. தோளில் மண்வெட்டியோடு, கையில் அரிவாளோடு, சிலர் நூறு நாள் வேலை அட்டையோடு. ஒருவர் பட்டா மாற்ற மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார், அதிகாரி வருவார் என்று. ஏழு மணிக்கு நாற்பது பேருக்குக் குறையாது. மேலத்தெரு ஜனம் மதகுக்கு அந்தப் பக்கமும் கீழத்தெரு ஜனம் இந்தப் பக்கமும் நின்றார்கள். நடுவில் நான். மேலத்தெருவிலிருந்து, சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்க்கும் அண்ணன் ஒருவர் முன்னால் வந்தார். அப்பாவை ஜனம் சூழ்ந்துகொண்ட அன்றைக்கு வாய் திறக்காமல் நின்ற பெரியவரின் மகன் அவர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"யாருப்பா ஏற்பாடு? பஞ்சாயத்தா, இல்ல மேலேருந்து யாரும் சொன்னாங்களா? நீ எப்பவும் கடைசில இப்படிக்குன்னு சொல்லுவியே, இதுல சொல்லலையே. யாரு சொல்லி நீ சொன்ன?"

அப்பாவிடம் கேட்ட அதே கேள்வி. கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன், காணவில்லை.

"யாரும் சொல்லலண்ணே. நான்தான் கூப்பிட்டேன். அதாவது, அது அறிவிப்பு இல்லண்ணே. பாட்டு."

"பாட்டா?"

"ராகமே இல்லியேடா அதுல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் ரெண்டு நாளா யோசிக்கிறேன், கண்ணாசுபத்திரிக்காரங்களுக்கு நம்ம வாய்க்கா மேல என்னடா அக்கறைன்னு" என்றார் முறம் வைத்திருந்த பெண். கொல்லென்று சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை. கொத்தனார் ஒருவர், "சென்ட்ரிங் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். ஊரு பொழப்பு உனக்கு வெளாட்டா இருக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்காமல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சிங்கப்பூர் அண்ணனும் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார். அவர் போனதும் அந்தக் கரையில் இன்னும் நாலைந்து பேர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

பெட்டிக்கடை அக்காதான் புடவையைத் தூக்கிச் செருகினார். "பாட்டோ கூத்தோ, வாய்க்கா அடைச்சுக் கெடக்குறது நெசந்தானே? வீட்டுக்குப் போயி என்னத்த கிழிக்கப் போறோம்?" என்று சொல்லிக்கொண்டே சேற்றில் இறங்கினார். அவர் பின்னால் முறத்துப் பெண். அவர் பின்னால் மனு கொண்டுவந்தவர், மனுவை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு இறங்கினார். கரையில் நின்று கூப்பிட்டவன் நிற்கலாமா? நானும் இறங்கினேன்.

அரை மணியில் டிராக்டர் சத்தம் கேட்டது. சிங்கப்பூர் அண்ணன் கயிறும் கொக்கியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "கையால புடுங்கினா தீவாளிக்குத்தான் முடியும், கட்டி இழு" என்றார். காட்டாமணக்கு வேரோடு வந்தது. ஆகாயத்தாமரையை இரண்டு கரையிலும் மலையாகக் குவித்தோம். உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி, பாட்டில்கள், என்றோ காணாமல் போய் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தக் காரணமான ஒரு பித்தளைக் குடம், எல்லாம் வந்தன. என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மைக் பிடித்த கை என்று அதற்கும் கேலி.

"கூப்புட்ட வாயால பாடு" என்றார்கள். நண்பன் திரும்பி வந்திருந்தான். இரும்புச் சட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். மைக் இல்லை, குழாய் இல்லை. பாடினேன். இரண்டு வரி முடிவதற்குள் முறத்துப் பெண், "மெதுவா சொல்லுடா, ஒண்ணும் வெளங்கல" என்றார். மெதுவாகச் சொன்னேன். மண்வெட்டி விழுகிற வேகத்துக்குச் சொன்னேன். "மேலத்தெரு ஒரு கரை" என்று நான் சொல்ல, "கீழத்தெரு ஒரு கரை" என்று மேலத்தெருக் கரையிலிருந்தே திருப்பிச் சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு நான் வேகமாகப் பாடுவதில்லை. வெளியூர் ராப்பர் ஒருவர் என்னைக் கேட்டுவிட்டு, "இந்த நிதானம் எங்கேருந்து பிடிச்சீங்க?" என்றார். முறத்துப் பெண்ணிடமிருந்து என்று சொன்னால் அவருக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

எட்டரை மணிக்கு அம்மா டீக் கேனோடு வந்தாள். கேனின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு அப்பா. தோளில் மண்வெட்டி இருந்தது. கேனை இறக்கி வைத்துவிட்டுக் கரையிலேயே நின்றார். இரண்டு கரையையும் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. அப்போது பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு யாரையும் தெரியாது. பக்கத்தில் நின்ற அப்பாவிடம் கேட்டார்கள்:

"என்னங்க வேல நடக்குது? யாரு கூப்புட்டது?"

அப்பா அவர்களுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று சொன்ன அந்தப் பழைய குரலில், இரண்டு கரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எம் மவன் கூப்புட்டான். எறங்குங்க."

சொல்லிவிட்டு அவரே முதலில் இறங்கினார். சிங்கப்பூர் அண்ணன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து, சரிவில் அவர் சறுக்காமல் இருக்கக் கையைக் கொடுத்தார். அப்பா பிடித்துக்கொண்டார். நான் சேற்றில் குனிந்துகொண்டேன், முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று.

அன்றைக்கு வாய்க்கால் முழுவதும் முடியவில்லை. சின்னப் பாலம் வரைக்கும்தான் வந்தது. மீதிக்கு இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன; ஆட்கள் கொஞ்சம் குறைந்தார்கள், ஆனால் வந்தார்கள். அந்த வருடம் எங்கள் மூன்று மா வரைக்கும் தண்ணீர் ஏறியது. ஆற்றில் நல்ல வரத்தும் இருந்தது, எல்லாம் என் பாட்டால் என்று சொல்ல மாட்டேன். கொத்தனார் மட்டும் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "என்ன, அறிவிப்பா பாட்டா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு பேசுவார்.

ஆனால் எனக்கு ஊர் கிடைத்தது. முதலில் பக்கத்து ஊரிலிருந்து கூப்பிட்டார்கள், "எங்க குளத்துக்கும் ஒரு பாட்டு போடுங்க தம்பி" என்று. பிறகு பொங்கல் விளையாட்டு விழா மேடை, கல்லூரி விழா, கோயில் திருவிழாவில் கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம். அதிராம்பட்டினத்தில் மீனவப் பிள்ளைகள் கடற்கரையைச் சுத்தம் செய்ய என் பாட்டைப் போட்டதாக வீடியோ அனுப்பினார்கள். எங்கே பாடினாலும் வாய்க்கால் பாட்டு முடிந்ததும் நான் மைக்கை ஜனத்தின் பக்கம் நீட்டி "இப்படிக்கு?" என்று கேட்பேன். அவரவர் தங்கள் தெருப் பெயரைக் கத்துவார்கள். நூறு தெருப் பெயர் ஒரே நேரத்தில் கேட்கும், ஒன்றும் புரியாது. எனக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் வேண்டாம்.

அப்பா இதுவரை என் பாட்டு எதையும் முழுதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டு ஓடும்போதே பாதியில் எழுந்து போய்விடுவார். ஆனால் வருடா வருடம் வைகாசி பிறந்தால், சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே ஒன்று கேட்பார். நேற்றும் கேட்டார்.

"இந்த வருசம் என்னைக்குடா கூப்புடப் போற?"

"இன்னும் முடிவு பண்ணலப்பா. ஏன்?"

"மம்பட்டிக்குக் காம்பு மாத்தணும். அதுக்குத்தான் கேட்டேன்."